ஓடா, பெட்டியா, கோலமா, திரையா? பல்லுறுப்புக் கோவையைக் கையால் செய்து படிக்க எது தோது?

ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் நண்பர்கள் இயற்கணிதப் பாடம் நெருங்கும்போது ஒரே கேள்வியோடு வருவார்கள். "வெறும் கரும்பலகையில் பல்லுறுப்புக் கோவை நடத்தினால் பிள்ளைகள் தூங்குகிறார்கள். ஏதாவது செய்ய வைக்கலாம் என்று பார்த்தால் பத்து யோசனை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் நேரம் இல்லை. எதைச் செய்ய?"

இவை ஒன்றுக்கொன்று மாற்று கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு சிக்கலை அவிழ்க்கும், கூடவே ஒரு தப்பான எண்ணத்தையும் மாணவர் மனதில் விட்டுப் போகும். நான் தேர்வு செய்வது இந்த இரண்டையும் பார்த்துத்தான்.

ஒரு சின்ன ஏற்பாடு: இங்கே மாறியை 'ம' என்று எழுதுகிறேன். கரும்பலகையில் வழக்கம்போல எக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ் இல்லாவிட்டால் கணக்கே இல்லை என்று நினைக்கும் பிள்ளைகளிடம் அவ்வப்போது எழுத்தை மாற்றிப் பார்ப்பதும் நல்ல சோதனைதான்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், பிள்ளைகள் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது. பல்லுறுப்புக் கோவைக்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று, விரிப்பதற்கும் காரணிப்படுத்துவதற்கும் வகுப்பதற்கும் உரிய கோவை. இன்னொன்று, ஓர் எண்ணைப் போட்டால் இன்னோர் எண்ணைத் தரும் சார்பு. அது ஏறும், இறங்கும், அச்சை வெட்டும். ஒன்பதாம் வகுப்பு பெரும்பாலும் முதல் முகத்தோடுதான் பழகுகிறது. 'உறவுகளும் சார்புகளும்' என்ற பாடமும் இருபடி வரைபடமும் பத்தாம் வகுப்பில்தான் வருகின்றன. அதனால் தொகுமுறை வகுத்தலை (எண்களை மட்டும் எழுதி வகுக்கும் குறுக்கு வழி) கண்ணை மூடிக்கொண்டு செய்யும் பிள்ளையிடம் "பூச்சியம்னா என்னம்மா?" என்று கேட்டால், "விடை சைபர் வரும் சார்" என்பாள். எதற்கு வரும், எங்கே வரும் என்றால் பதில் இருக்காது. (எந்த எண்ணைப் போட்டால் கோவையின் மதிப்பு 0 ஆகிறதோ, அந்த எண்தான் பூச்சியம்.)

இரண்டாவது, நேரம். பாடவேளை 40 அல்லது 45 நிமிடம். பொருளைக் கொடுக்கப் பத்து நிமிடம், திரும்ப வாங்க ஐந்து நிமிடம் போய்விடும். மூன்றாவது, 40 பேர் இருக்கும் வகுப்பில் எத்தனை பேர் கை வேலை செய்வார்கள், எத்தனை பேர் வேடிக்கை பார்ப்பார்கள். நான்காவது, செய்ததிலிருந்து நோட்டுக்குத் திரும்ப வழி இருக்கிறதா. செயல்பாடு ஒரு பக்கம், தேர்வு ஒரு பக்கம் என்று போனால் அடுத்த வருடம் நீங்களே அதைக் கைவிட்டுவிடுவீர்கள்.

ஐந்தாவதைத்தான் யாரும் கேட்பதில்லை: இது என்ன பொய் சொல்லும்?

## சார்ட் ஓடுகள்

சார்ட் தாளில் வெட்டிய மூன்று வகைத் துண்டுகள்தான் ஓடு: ஒரு பெரிய சதுரம் (பக்கம் ம), ஒரு நீள் பட்டை (ம-க்கு 1), ஒரு சின்னச் சதுரம் (1-க்கு 1). ம² + 5ம + 6 என்றால் பெரியது ஒன்று, பட்டை ஐந்து, சின்னது ஆறு. இவற்றை இடைவெளி இல்லாத ஒரே செவ்வகமாக அடுக்க வேண்டும். அடுக்கி முடித்தால் பக்கங்கள் (ம + 2), (ம + 3).

இதன் பலன் அந்த அடுக்கும் ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. ஆறு சின்னச் சதுரங்களை 1-க்கு 6 என்று வைத்துப் பார்ப்பார்கள். அப்போது ஏழு பட்டை தேவைப்படும், கையில் ஐந்துதான். 2-க்கு 3 என்று மாற்றினால் கச்சிதமாக உட்காரும். 'கூட்டினால் 5, பெருக்கினால் 6' என்று நாம் மந்திரம் போலச் சொல்லிக்கொடுப்பதற்குக் காரணம் கண்முன் கிடைக்கிறது. அடுத்து ம² + 5ம + 5 கொடுங்கள். எப்படித் திருப்பினாலும் செவ்வகம் வராது. முழு எண்களை வைத்துக் காரணிப்படுத்த முடியாத கோவையும் உண்டு என்பதைத் தோற்றுப்போய்த் தெரிந்துகொள்வார்கள்.

வர்க்கப் பூர்த்திக்கும் (கோவையை முழுச் சதுரமாக்குவதற்கும்) இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. ம² + 6ம-வை எடுத்து, மூன்று பட்டை வலப்பக்கம், மூன்று கீழே. மூலையில் 3-க்கு 3 பள்ளம் விழும். 9 சேர்த்தால் சதுரம் முழுமையாகும். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி ம² + 10ம = 39 என்பதைத் தீர்த்ததும் இப்படிப் படம் போட்டுத்தான்: 25 சேர்த்து 64 ஆக்கி, பக்கம் 8, ஆகவே ம = 3. (எதிர்மறை விடையை அவர் கண்டுகொள்ளவில்லை. நீளம் எப்படி எதிர்மறையாகும்?)

இனி பொய். முதல் வருடம் நான் சின்னச் சதுரத்தை 1 செ.மீ., ம-வை 5 செ.மீ. என்று வெட்டினேன். அளக்க எளிது என்று நினைப்பு. கடைசி வரிசைப் பையன்கள் பட்டை மேல் ஐந்து சின்னச் சதுரத்தை அடுக்கிப் பார்த்துவிட்டு, ம² + 5ம + 6 = 56 என்று எழுதிக் காட்டினார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. என் ஓடு அப்படித்தான் சொன்னது. இப்போது சின்னது 2 செ.மீ., ம 7.3 செ.மீ. இன்னும் நல்லது, பாதிக் குழுக்களுக்கு 7.3, மீதிக் குழுக்களுக்கு 8.7 என்று வேறு வேறு ம கொடுப்பது. இரண்டு பக்கமும் ஒரே காரணிகள் வரும்போது 'மாறி' என்ற சொல்லுக்கு அர்த்தம் வந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒரு தொகுப்புக்கு பெரியது 2, பட்டை 8, சின்னது 12 என்றால், பத்துக் குழுவுக்கு 220 துண்டு. ஒரு மாலை முழுக்கக் கத்தரிக்கோலோடு போகும். வருடக் கடைசியில் சின்னவற்றில் பாதி காணாமல் போயிருக்கும். அடுத்தது குறைக் குறி. ம² + ம − 6 என்றால் பின்பக்கம் சிவப்பு அடித்த ஓடு வேண்டும். கையில் இருக்கும் ஒரு பட்டையோடு, ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் ஜோடி இரண்டைச் சேர்த்து, கூட்டல் பட்டை மூன்று, கழித்தல் பட்டை இரண்டு என்று ஆக்க வேண்டும். இங்கே பாதி வகுப்பு கழன்றுவிடும். எதிர்மறைப் பரப்பு என்பதை நேர்மையாக விளக்க எனக்கும் இன்றுவரை வரவில்லை. எல்லாக் குறியும் கூட்டலாக இருக்கும் கணக்குகளோடு நிறுத்திக்கொண்டு, "இனிமேல் ஓடு இல்லாமல்" என்று சொல்லிவிடுவேன்.

படி 3-க்கு, அதாவது ம³ வரை போனால் கட்டை வேண்டும். (அ + ஆ)³ காட்ட எட்டுத் துண்டு. தச்சர் தெரிந்தவராக இருந்தால் முயலுங்கள்.

## அட்டைப் பெட்டி

30-க்கு 20 செ.மீ. தாள். நான்கு மூலையிலும் ம செ.மீ. சதுரம் வெட்டி மடித்தால் மூடியில்லாப் பெட்டி. கன அளவு ம(30 − 2ம)(20 − 2ம). 22-க்கு 28 அங்குல சார்ட்டில், இரண்டைக் கிடையாகவும் மூன்றை நெட்டாகவும் போட்டால் இப்படி ஐந்து தாள் கிடைக்கும். ஒன்பது குழுவுக்கு இரண்டு சார்ட் போதும்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வெட்டு: 1 செ.மீ. முதல் 9 செ.மீ. வரை. கிடைக்கும் கன அளவுகள் வரிசையாக 504, 832, 1008, 1056, 1000, 864, 672, 448, 216. மேசையில் ஒன்பது பெட்டியையும் வரிசையாக வைத்தால் 1 செ.மீ. பெட்டி தட்டு மாதிரி, 9 செ.மீ. பெட்டி புகைபோக்கி மாதிரி. வரைபடத்தாளில் புள்ளி வைத்தால் ஒரு குன்று. 4-தான் உச்சியா என்று கேளுங்கள். கால்குலேட்டரில் 3.9 போட்டால் 1056.276. உடனே 3.8, 3.92 என்று போட்டி தொடங்கிவிடும். பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்னால் பெருமச் சிறுமத்தை நாமே எட்டிப்பார்க்கும் இடம் இது.

ஆனால் இந்தச் செயல்பாட்டை நான் விடாமல் செய்வதற்கு வேறு காரணம். பூச்சியம். ம = 10 போட்டால் தாள் முழுக்க வெட்டுப்பட்டுப் போய்விடும்; பெட்டி இல்லை, கன அளவு 0. ம = 0 என்றால் வெட்டவே இல்லை, மறுபடி 0. ம = 15 என்றாலும் சூத்திரம் 0 தருகிறது, ஆனால் 20 செ.மீ. அகலத்தில் இரண்டு 15-ஐ எப்படி வெட்டுவது? ஒரு வருடம் ஒரு பையன் அதோடு நிற்காமல் எழுந்து கேட்டான்: "சார், 16 போட்டா 384 வருது. அந்தப் பெட்டி எங்க சார் இருக்கு?"

16 × (−2) × (−12). இல்லாத இரண்டு பக்கங்கள் பெருக்கிக்கொண்டு ஒரு பெட்டியை உண்டாக்கிவிட்டன. சார்புக்கு எல்லா எண்ணையும் போடலாம், பெட்டிக்கு 0-க்கும் 10-க்கும் நடுவில் மட்டும்தான் போடலாம் என்ற விவாதம் அன்றைக்கு இருபது நிமிடம் ஓடியது. மதிப்பகம் (போடக்கூடிய எண்களின் தொகுப்பு) என்ற சொல்லை நான் எழுதுவதற்கு முன்னாலேயே அது வகுப்பில் இருந்தது.

நோட்டுக்குத் திரும்பும் வழியும் நேரானது. விரித்தால் 4ம³ − 100ம² + 600ம. 10-ஐ வைத்துத் தொகுமுறை வகுத்தல் செய்யச் சொல்லுங்கள்: மீதி 0, ஈவு 4ம² − 60ம, அதாவது 4ம(ம − 15). காரணித் தேற்றம் (10 போட்டு 0 வந்தால் ம − 10 ஒரு காரணி என்பது) கையில் வைத்திருக்கும் தாளோடு ஒத்துப்போகிறது.

இதன் பொய்: முப்படி என்பது ஒரு குன்று. 0 முதல் 10 வரை மட்டும் வரைந்தால் அது கவிழ்த்த பரவளையம் (இருபடியின் வளைவு) மாதிரியே தெரியும். −2 முதல் 17 வரை ஒரு தடவையாவது வரைய வேண்டும். −2-இல் −1632-க்கு விழுந்து, 12-இல் −288-இல் கிடந்து, 17-இல் 952-க்கு எழும்பும்போதுதான் முப்படியின் உண்மையான முகம் தெரியும்.

செலவு? இரண்டு பாடவேளை நிச்சயம். அரிசி கொட்டி அளக்கலாம் என்று ஆசைப்படாதீர்கள். சார்ட் பெட்டியின் பக்கம் புடைத்து, சூத்திரத்தைவிட அதிகமாகக் காட்டும். அப்புறம் "சூத்திரம் தப்பு" என்று நாலு பேர் சொல்வார்கள், வகுப்பைப் பெருக்கும் அக்காவிடமும் பாட்டு வாங்க வேண்டும். ஸ்கேலால் நீளம் அளந்தால் போதும்.

## கோலப் புள்ளி

பொருட்செலவே இல்லாதது இது. இடைப்புள்ளிக் கோலத்தில் நடுவரிசை 7, இரண்டு பக்கமும் 6, 5, 4 என்று குறைந்து 4-இல் நிற்கும் என்றால் '7 புள்ளி, 4-இல் நிறுத்தவும்' என்று போட்டிருப்பார்கள். மொத்தப் புள்ளி எத்தனை? 7 + 2(6 + 5 + 4) = 37. 3-இலிருந்து 2 வரை என்றால் 7. 5-இலிருந்து 3 வரை என்றால் 19. 9-இலிருந்து 5 வரை என்றால் 61. ஒற்றைப் புள்ளியையும் சேர்த்து வரிசை 1, 7, 19, 37, 61. இங்கே ம என்பது நிறுத்தும் எண்: 1, 2, 3, 4, 5.

வித்தியாசம் எடுக்கச் சொல்லுங்கள்: 6, 12, 18, 24. மறுபடி: 6, 6, 6. இரண்டாவது தடவையில் மாறிலி வந்தால் படி 2. அதில் பாதி 3 என்பது ம²-இன் கெழு, அதாவது அதன் முன்னால் நிற்கும் எண். 3ம²-ஐக் கழித்தால் −2, −5, −8, −11 மிஞ்சும். அது −3ம + 1. ஆக 3ம² − 3ம + 1. பதினைந்து புள்ளி, 8-இல் நிறுத்தும் பெரிய கோலத்துக்கு ம = 8 போட்டால் 169. மார்கழியில் வீட்டு வாசலில் எண்ணிப் பார்த்துவிட்டு மறுநாள் வந்து சொல்வார்கள்.

இன்னொரு வேடிக்கை. அந்த வரிசையைக் கூட்டிக்கொண்டே போனால் 1, 8, 27, 64, 125. கோலப் புள்ளிகளின் கூட்டுத்தொகை கன எண்கள்! ஏன் என்றால் ம³ − (ம − 1)³ = 3ம² − 3ம + 1. புத்தகத்தில் பெட்டி போட்டு அச்சிட்ட முற்றொருமை (எந்த எண்ணைப் போட்டாலும் சரியாகும் சமன்பாடு) கோலத்தின் வழியாக எழுந்து வருகிறது. நேர்ப்புள்ளியில் 7, 5, 3, 1 என்று போகும் கோலத்துக்கு 2ம² − 2ம + 1 வரும். அதை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள்.

பொய் என்ன? முதல் நாலு எண்ணைப் பார்த்தால் விதி தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை. அதற்கு மருந்து உண்டு. வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து எல்லாவற்றையும் நேர்கோட்டால் இணைத்து (ஒரே இடத்தில் மூன்று கோடு வெட்டாதபடி) பகுதிகளை எண்ணச் சொல்லுங்கள்: 1, 2, 4, 8, 16. அடுத்தது 32 என்று வகுப்பே கத்தும். எண்ணினால் 31. அது இரட்டிப்பாகும் வரிசையே இல்லை, படி 4 உள்ள பல்லுறுப்புக் கோவை. நான்காவது வித்தியாசத்தில்தான் மாறிலி வரும்.

இந்தச் செயல்பாடு முழு எண்களை விட்டு வெளியே போகாது. பூச்சியமும் கிடையாது, வளைவும் கிடையாது. இன்னொன்று, "கோலம்தானே, பொண்ணுங்க போடட்டும்" என்று பையன்கள் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். புள்ளி வைக்கிற வேலையைப் பையன்களிடமே கொடுங்கள்.

## மைதானமும் கயிறும்

கோலப்பொடியால் அச்சு போட்டு, ஏழு பிள்ளைகளை −3 முதல் 3 வரை நிறுத்தி, ம² − 4 அடி நடக்கச் சொல்வது: 5, 0, −3, −4, −3, 0, 5. கயிற்றைப் பிடித்தால் பரவளையம். "அச்சில் நிற்பவர்கள் உட்காருங்கள்" என்றால் உட்கார்ந்த இருவரும் பூச்சியங்கள். (ம − 1)² போட்டால் ஒருவர் மட்டும் உட்காருவார், கயிறு அச்சைத் தொட்டுவிட்டுத் திரும்பும். இதுதான் இரட்டை மூலம். ம³ − 4ம என்றால் கடைசி ஆள் 15 அடி போக வேண்டும். சுவர் இடித்து நிற்பான், வளர்ச்சி வேகம் அப்போது புரியும். ஏழு பேர் செய்ய 33 பேர் பார்ப்பார்கள் என்பதும் வெயிலும்தான் சிக்கல். காலை முதல் பாடவேளை கிடைத்தால் ஒரு தடவை செய்யலாம்.

## ஜியோஜீப்ரா

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001-இல் தொடங்கிய மென்பொருள். பள்ளிக்கு இலவசம், நம் பாடப்புத்தகங்களிலேயே இதற்கான பயிற்சிகள் இருக்கின்றன. கெழுக்களை நழுவு பட்டையில் வைத்து இழுத்தால் வளைவு நெளியும். படி 5, 6 எல்லாம் பார்க்க, ஒற்றைப்படைப் படி ஒரு பக்கம் விழுந்து மறுபக்கம் எழுவதையும் இரட்டைப்படைப் படி இரண்டு பக்கமும் ஒன்றாகப் போவதையும் காட்ட வேறு வழி கிடையாது. மற்ற நான்கு செயல்பாடும் இங்கே கையை விரித்துவிடும்.

ஆனால் இது கைவேலையா? விரலால் இழுத்தால் கைவேலை ஆகிவிடாது. படம் நன்றாக நகர்கிறது, பிள்ளைகள் "ஆஹா" என்கிறார்கள், மறுநாள் கேட்டால் ஒன்றும் நிற்பதில்லை. நான் கண்ட ஒரே வழி: ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால் துண்டுத்தாளில் வளைவு எப்படிப் போகும் என்று வரைந்து வைக்க வேண்டும். வரைந்த பிறகுதான் இழுக்கலாம்.

பொய்யும் இதில்தான் அதிகம், ஏனென்றால் திரையை யாரும் சந்தேகப்படுவதில்லை. ம² + 0.01 அச்சைத் தொடுவது போலவே தெரியும். பெரிதாக்கினால்தான் இடைவெளி தெரியும், பூச்சியமே இல்லை என்பதும் தெரியும். செலவைப் பொறுத்தவரை, கணினி அறையில் இருபது இருந்தால் எத்தனை வேலை செய்கிறது என்று முந்தைய நாளே பாருங்கள். அத்தோடு பத்தாம் வகுப்புத் தேர்வின் 8 மதிப்பெண் வரைபடக் கேள்விக்கு அளவுத்திட்டம் தேர்ந்து கையால் வரைய வேண்டும். மென்பொருள் அதைப் பழக்காது.

## ஒரே பார்வையில்

| | அவிழ்க்கும் சிக்கல் | பாடவேளை | விட்டுச் செல்லும் பொய் |
|---|---|---|---|
| ஓடுகள் | காரணிப்படுத்தல், வர்க்கப் பூர்த்தி | 1–2, வெட்ட ஒரு மாலை | ம-வுக்கு ஒரே நீளம் |
| பெட்டி | பூச்சியம், மதிப்பகம், காரணித் தேற்றம் | 2 | முப்படி ஒரு குன்று |
| கோலம் | படி, கெழு, முற்றொருமை | 1 | நாலு எண் போதும் |
| கயிறு | பூச்சியம், இரட்டை மூலம் | 1 | ஏழு புள்ளிதான் வளைவு |
| ஜியோஜீப்ரா | உயர் படி, வளைவின் போக்கு | 1, கரண்ட் இருந்தால் | தெரிவதெல்லாம் உண்மை |

## யார் எதை எடுக்கலாம்

காரணிப்படுத்தலை முதல்முறை தொடங்கும் வகுப்பு, எழுத்தைக் கண்டாலே மிரளும் பிள்ளைகள் என்றால் ஓடு. வருடத்துக்கு ஒன்றுதான் முடியும் என்றால் யோசிக்காமல் பெட்டி. கோவையும் சார்பும் கைகோக்கும் இடம் அது ஒன்றுதான். நாளைக்கே வகுப்பு, கையில் காசும் இல்லை, ஏற்பாடும் இல்லை என்றால் கோலம். பத்தாம் வகுப்பில் இருபடி வரைபடத்தைக் கையால் நாலைந்து வரைந்து முடித்திருந்தால் ஜியோஜீப்ரா. அதற்கு முன்னால் வேண்டாம்.

இரண்டு முடியும் என்பவர்களுக்கு: பெட்டியைச் செய்துவிட்டு அடுத்த வாரம் அதே கோவையை ஜியோஜீப்ராவில் போடுங்கள். 384 கேட்ட பையன் திரையில் 16-க்கு மேலே போய் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டி இல்லாத இடத்தில் கோடு பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருந்தது.

ஓடுதான் என்று முடிவெடுத்துக் கத்தரிக்கோலைத் தேடுகிறீர்களா? ம-வின் நீளம் 7.3 செ.மீ. தயவுசெய்து 5 வேண்டாம்.